நாளுக்கு ஒரு பெயர்

கப்பலிலிருந்து, மார்ச் 3

என் தையல்காரிக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டு மூன்று கடிதம் போட்டாயிற்று, ஒரு வரி பதில் இல்லை. கோபம் என்று தெரிகிறது. பிரசவத்துக்குக் கூடவே இருப்பேன் என்று சொல்லிவிட்டு, கப்பலில் எலக்ட்ரீஷியன் வேண்டும் என்று ஆள் வந்ததும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடினவன் நான். குழந்தை மே மாதம்தானே, ஏப்ரலில் இறங்கிவிடலாம் என்று நினைத்தேன். இப்போது கேப்டன் மே பத்து என்கிறார். திட்டுவதாக இருந்தாலும் எழுதித் திட்டு.

வாசலில் நின்று நீ சொன்னது காதிலேயே இருக்கிறது. "உங்க ரத்தம்தானே, இதுக்கும் கால்ல சக்கரம்தான் இருக்கும். பொறுமைன்னே பேர் வெச்சாத்தான் உருப்படும்." அதையே பிடித்துக்கொண்டேன். கப்பலில் இருபத்திரண்டு பேர், பத்துப் பாஷை. சாப்பாட்டு மேசையில் ஒவ்வொருவரிடமும் கேட்டேன், உங்கள் ஊரில் பொறுமை என்று யாருக்காவது பெயர் உண்டா என்று. எல்லா ஊரிலும் உண்டாம். சமையல்காரர் சுபிரா என்றார். மெஷினுக்கு எண்ணெய் போடுகிறவர், தன் அக்காள் பெயரே ந்திதி என்றார். அவள் பொறுமையைப் பற்றி மட்டும் கேட்காதே என்றார். டெக் மேஸ்திரி ஊரில் மமெல்லோ. ரேடியோக்காரருக்கு சாபிரா என்று ஓர் அத்தை. இரண்டாம் இன்ஜினியர் ஷினோபு என்று சொல்லி, அந்த எழுத்தை வரைந்தே காட்டினார்: மேலே கத்தி, கீழே இதயம். பெயின்ட் அடிப்பவர் ஞன் என்றார். தலைமை இன்ஜினியருக்கோ குடும்பப் பெயரே கெடுல்ட், பொறுமை என்று அர்த்தமாம். நேற்று என்மேல் ஸ்பேனரை வீசினது அவர்தான்.

ஏழு ஆயிற்று. எது பிடித்திருக்கிறது என்று எழுது. வயிற்றில் உதைக்கிறதா என்றும் எழுது.

உன்
அவசரம்


வீட்டிலிருந்து, மார்ச் 14

கப்பல்காரருக்கு,

வயிற்றில் உதைக்கவில்லை. பிப்ரவரி பத்தொன்பதாம் தேதியே பிறந்துவிட்டாள். பெண். ஒரு கிலோ இருநூறு கிராம். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள்.

அண்ணன் தந்தி அடிக்கிறேன் என்றான், நான்தான் வேண்டாம் என்றேன். நடுக்கடலில் குதிக்கிற ஆள் நீங்கள். அது பாதிக் காரணம். மீதிப் பாதி, உங்களுக்குச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வலி வந்தபோது நான் ஒரு பாவாடைக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கடைக்காரர்தான் ஆட்டோ பிடித்துக் கொண்டுபோனார். அந்த இடத்தில் யார் இருந்திருக்க வேண்டும்?

டாக்டரிடம் பிழைப்பாளா என்று கேட்டால், "இன்னிக்கு நல்லா இருக்கா" என்கிறார். தினமும் அதே பதில். அளவெடுத்தால் முப்பத்தெட்டு சென்டிமீட்டர். ஒரு சட்டை தைத்தேன், கைப்பகுதிக்குள் என் கட்டைவிரல் நுழையவில்லை.

இங்கே ஒரு நர்ஸ், வெளிநாட்டில் பிறந்து வளர்ந்தவள், அதட்டல் பேர்வழி. "சும்மா முறைச்சுப் பார்த்துட்டு நிக்காதம்மா, பேர் சொல்லிக் கூப்பிடு, அதுக்குக் கேக்கும்" என்றாள். எனக்கு வாய் வரவில்லை. ஒரு பெயரை வைத்துவிட்டு, அப்புறம் அந்தப் பெயரோடு நான் மட்டும் வீட்டுக்கு வர நேர்ந்தால்? அந்தச் சமயத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது. கிழித்துப் போடத்தான் பிரித்தேன். பிறகு பெட்டி ஓரமாகக் குனிந்து, இன்றைக்கு மட்டும் நீ சுபிரா, இந்த ஒரு நாளைத் தாக்குப்பிடி என்றேன். நர்ஸ் திரும்பிப் பார்த்து, "அட, நான் பொறந்து வளர்ந்த ஊர் பேரு" என்றாள். நேற்று ந்திதி. இன்றைக்கு மமெல்லோ.

நாளுக்கு ஒன்றுதான் சொல்கிறேன். முழுசாக வைக்கத் துணிச்சல் இல்லை, ஒரு நாளைக்கு வைக்கலாம். புதன்கிழமையோடு ஏழும் தீர்ந்துவிடும், மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். இன்னும் பெயர் அனுப்புங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு


கப்பலிலிருந்து, மார்ச் 24

என் கண்ணுக்கு,

வேறு எதுவும் எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் எப்படி இருப்பேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேரே கேப்டனிடம் போய் நின்றேன். மாற்று ஆள் வருகிற துறைமுகம் மே பத்தில்தான், அதற்கு முன் இறக்கிவிட வழியே இல்லை என்று வரைபடத்தை விரித்துக் காட்டினார். சத்தம் போட்டேன். அவர் பாவம், வரைபடத்தைச் சுருட்டி வைத்தார்.

தப்பு என்மேல்தான். மன்னித்துவிடு என்று கேட்க வாய் கூசுகிறது.

பெயர்கள் தனித் தாளில் இருக்கின்றன, பதினொன்று. எல்லாரும் என் அறை வாசலில் வரிசையில் நின்று கொடுத்தார்கள். தலைமை இன்ஜினியர்கூடத் தன் பாட்டன் ஊரில் விசாரித்துவிட்டு வந்ததுபோல ஒன்று சொன்னார். கடைசியில் இருக்கிற மசிக்கா, சமையல்காரர் கொடுத்தது. மூச்சு எப்படி இருக்கிறது, பால் இறங்குகிறதா, யார் ஜாடை, எல்லாம் எழுது.

உன்
அவசரம்


வீட்டிலிருந்து, ஏப்ரல் 6

உங்களுக்கு,

தாள் இரண்டாம் தேதி கிடைத்தது. நல்ல சமயத்தில் வந்தது.

மூன்று நாளாகக் காய்ச்சல், ரத்தத்தில் கிருமி என்கிறார்கள். திடீர் திடீரென்று மூச்சு விட மறந்துபோகிறாள். உதடு நீலமாகிறது. நர்ஸ் பெட்டிக்குள் கைவிட்டு உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டுகிறாள், உடனே ஞாபகம் வந்தவள்போல மூச்சை இழுக்கிறாள். எனக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். பெயரைச் சொல்லிச் சுண்டுகிறேன். நேற்று மட்டும் ஒன்பது தடவை. இன்றைக்கு ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை.

உங்கள் தாளை நர்ஸ் வாங்கி முழுக்கப் படித்தாள். படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள், அப்படியே மடித்துக் கொடுத்தாள். எதற்கு அப்படிப் பார்த்தாள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஜாடை உங்கள் ஜாடைதான், நெற்றி சுருக்குகிறாள்.

தையல்காரி


கப்பலிலிருந்து, ஏப்ரல் 7

என் கண்ணுக்கு,

இந்தக் கடிதம் முந்தின கடிதத்தைத் துரத்திப் பிடிக்காதா என்று ஏங்கி எழுதுகிறேன். அந்தப் பதினொன்றில் கடைசி ஐந்து பெயருக்கும் பொறுமை என்று அர்த்தமே இல்லை. எனக்கே நேற்றுத்தான் தெரியும். ரேடியோக்காரர் பேச்சுவாக்கில் உளறிவிட்டார்.

சமையல்காரரின் சட்டையைப் பிடித்துவிட்டேன். என் கையை அவர் எடுத்துவிடக்கூட இல்லை. "இந்தத் தடவை எங்களுக்குத் தெரிஞ்ச பேர் ஆறோட தீந்துபோச்சு. பேர் தீந்துட்டா அந்தப் பொண்ணு என்ன பண்ணும்? அதான் எங்க புள்ளைங்க பேரைக் கொடுத்தோம்" என்றார். மசிக்கா அவர் மகள். மழைக்காலத்தில் பிறந்தவள் என்றுதான் அர்த்தமாம். "அவளும் இப்படித்தான் உள்ளங்கை அளவுல பொறந்தா. இப்ப பன்னெண்டு வயசு, வாய் அடங்காது" என்றார். சட்டையை விட்டுவிட்டேன்.

ஆனால் நீ நம்பிச் சொல்கிறாயே. அந்த அர்த்தமில்லாத பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட நாளில் அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அது நான் அனுப்பிய பெயர். பதினான்காவதாகவோ பதினைந்தாவதாகவோ நீ எதைச் சொன்னாய் என்று நாள்காட்டியில் விரல் வைத்து எண்ணிக்கொண்டே இருக்கிறேன். அந்த ஐந்தையும் அடித்துவிடு. இருக்கிறாளா என்று மட்டும் ஒரு வரி எழுது.

உன்
அவசரம்


வீட்டிலிருந்து, ஏப்ரல் 22

என் அவசரத்துக்கு,

இருக்கிறாள். என் மடியில் இருக்கிறாள், அதனால்தான் எழுத்து கோணுகிறது. இரண்டு கிலோ இருநூறு. நேற்றுத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்த ஐந்தையும் நான் அடிக்கவில்லை. உங்கள் கடிதம் வருமுன்பே தெரியும். பன்னிரண்டாம் தேதி மசிக்கா முறை. கூப்பிட்டதும் நர்ஸ் சிரித்துவிட்டாள். "முதல் நாளே படிச்சேன். அது எங்க ஊர்ல மழைக்காலத்துல பொறந்த புள்ளைக்கு வைக்கிற பேரு. உன் புருஷனை யாரோ நல்லா ஏமாத்திட்டாங்க, சொன்னா நீ கூப்பிடுறதை நிறுத்திடுவியோன்னு சும்மா இருந்தேன்" என்றாள். பிறகு, யாரோ பெற்றவர்கள் வாய் நிறையக் கூப்பிட்ட பெயர்தானே என்று தோன்றியது. அன்றைக்கு முழுக்க மசிக்கா என்றே கூப்பிட்டேன். அன்றைக்கு ஒரு தடவைகூடக் காலில் சுண்ட வேண்டியிருக்கவில்லை. அதற்கப்புறமும் இல்லை. சமையல்காரரிடம் சொல்லுங்கள். சட்டையைப் பிடித்ததற்கு மன்னிப்பும் கேளுங்கள்.

வரும் வழியில் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். குமாஸ்தா பேனாவைத் திறந்து, "பேரு?" என்றார். பதினெட்டுப் பெயரும் நாக்கில் இருந்தன, ஒன்றையும் சொல்லவில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு வந்திருக்கிறேன். ஒரு வருஷத்துக்குள் வந்து எழுதிக்கொள்ளலாமாம். நாளுக்கு ஒன்றாக வைத்தது நான், நிரந்தரமாக ஒன்றை நீங்கள் வந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வையுங்கள்.

மே பத்து என்று எழுதியிருக்கிறீர்கள். காத்திருக்க அவள் கற்றுக்கொண்டுவிட்டாள். எனக்குப் பொறுமை மே பத்து வரைக்கும்தான்.

உங்கள்
தையல்காரி