வீட்டுக்குள் சாம்பிராணி

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. இத்தனை வருடத்துக்குப் பிறகு வீட்டுக்குள் சாம்பிராணி போட்டேன். சித்தாண்டிக் கோயிலுக்குப் போய்வந்த பக்கத்து வீட்டு ராசம்மா ஒரு பொட்டலம் கொண்டுவந்து தந்தாள். "இனி என்னக்கா பயம்? உள்ளுக்கயே போடுங்க" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனாலும் அந்த "இனி" நெஞ்சில் தைத்துவிட்டது. அவள் போனபின் சிரட்டைக் கரியைத் தணலாக்கிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன்.

புகை எழும்பியதுதான் தாமதம், ஓடிப்போய் யன்னல்களைத் திறந்தேன். சாமியறை, குசினி, உங்கள் அறை, எல்லாம். மின்விசிறியையும் போட்டேன். பிறகு உங்கள் கட்டிலைப் பார்த்து, "கொஞ்சம் பொறுங்க, இப்ப போயிரும்" என்று வாய்விட்டே சொன்னேன். கட்டிலில் மடித்து வைத்த போர்வை மட்டும் கிடந்தது. யாரும் இருமவில்லை.

கலியாணம் முடித்து நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வெள்ளி நினைவிருக்கிறதா? அம்மா காட்டிய சாம்பிராணிப் புகையில் உங்களுக்கு முட்டு வந்துவிட்டது. புது மாப்பிள்ளை கட்டில் விளிம்பில் முழங்காலைப் பிடித்தபடி மூச்சுக்குத் தவிக்க, அம்மா குசினி அடுப்பருகே நின்று அழுதார். அன்றோடு புகை வீட்டை விட்டு வெளியே போனது. நான் வளவைச் சுற்றிக் கிணற்றடி வரை காட்டிவிட்டுச் சட்டியை வேலியோரம் வைத்துவிடுவேன். நீங்கள் யன்னலில் நின்று நக்கலடிப்பீர்கள்: "வெளிய புகை போட்டா பேயெல்லாம் உள்ளுக்கதானே வரும் புள்ள?"

அறுவடைக் காலத்தில் மெசின் கிளப்பும் தூசுக்குப் பயந்து வட்டைப் பக்கமே போகமாட்டீர்கள். வயலை நான் பார்த்தேன். நீங்கள் வீட்டுக்குப் பின்னால் வாவிக்கரையில் பலகைக் கதிரையைப் போட்டு உட்கார்ந்து மூச்சைப் பார்த்தீர்கள். யாரும் கற்றுத் தரவில்லை, முட்டுதான் கற்றுத் தந்தது. பயந்தால் இழுப்புக் கூடும், சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் தணியும் என்று கண்டுபிடித்தீர்கள். பிறகு இழுப்பு இல்லாத நாளிலும் போய் இருக்கத் தொடங்கினீர்கள்.

"மூச்சு விடவும் படிப்பா?" என்று நான் கேலி செய்தேன். நீங்கள் விடவில்லை.

"மூச்சு வருது, போகுது. அது ஆருக்குத் தெரியுது? அந்த ஆளைத் தேடிப் பாரு."

"அந்த ஆளுக்கு இடியப்பம் அவிக்கிற வேலை கிடக்கு. விடுங்க."

நீங்கள் சிரித்துச் சிரித்து இருமினீர்கள். நான் இழுப்புக்கு வாயில் அடிக்கும் பம்பை எடுக்க ஓடினேன். திரும்பி வந்தபோது சிரிப்பு அடங்கியிருந்தது. "நான் மூச்சைப் பாக்கிறன், நீ என்னைப் பாக்கிறாய். உன்னை ஆரு பாக்கிற?" என்று கேட்டீர்கள். எனக்கு ஏனோ கோபம் வந்தது. அடுப்படிக்குப் போய்விட்டேன்.

கடைசி நாளும் அப்படித்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்தபடி, அவதிப்படாமல், வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டு கிடந்தீர்கள். ஒரு மூச்சு வெளியே போனது. அடுத்ததற்காக நான் காத்திருந்தேன். தாதி வந்து தோளில் கைவைத்த பிறகும் காத்திருந்தேன்.

வீடு இப்போது எவ்வளவு அமைதி தெரியுமா? என்னால் அதைத் தாங்க முடியவில்லை. முன்பெல்லாம் தேங்காய் துருவும்போதும் என் ஒரு காது உங்கள் அறையில்தான் இருக்கும். இழுப்புச் சத்தம் கேட்டால் கை தானாகவே அடுப்பைத் தணிக்கும். அந்தக் காதுக்கும் கைக்கும் இப்போது வேலை இல்லை. உங்களைப் பார்த்துக்கொண்டவள் என்பதைத் தவிர நான் யார் என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் போனதோடு அவளும் போய்விட்டாளோ என்பதுதான் என் பயம்.

பின்னேரம் புகை அடங்கியபின் உங்கள் கதிரையை வாவிக்கரையில் போட்டு இருந்தேன். தோணி ஒன்று வலை இழுத்துக்கொண்டு போனது. என் மூச்சைப் பார்க்கப் போனேன், காது உங்களுடையதைத் தேடியது. எழும்பி வந்துவிடலாம் என்றிருந்தது. "சும்மா இரி புள்ள" என்று நீங்கள் சொல்வது நினைவுக்கு வர, இருந்தேன். மூச்சு வெளியே போனது. போய், நின்றது. ஆஸ்பத்திரியில் காத்திருந்த அதே ஆள் அந்த இடைவெளியில் எனக்குள் காத்திருந்தாள். பார்க்க நீங்கள் இல்லை, செய்ய வேலை இல்லை, ஆனாலும் விழித்துக்கொண்டு இருந்தாள். நீங்கள் தேடச் சொன்ன ஆள் இவளா? பிறகு மூச்சு தானாகவே உள்ளே வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஓடிவந்து உங்களிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. கேள்வி கேட்டவர் இல்லாத வீட்டில் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கதிரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். சட்டியில் தணல் அவிந்து கிடந்தது.

அடுத்த வெள்ளியும் உள்ளேதான் சாம்பிராணி போடுவேன். யன்னலையும் திறப்பேன். மூச்சு விட இங்கே இன்னும் ஒருத்தி இருக்கிறாள்.