எனக்குச் சக்களத்தியாக வந்த ஊர்

இன்று காலை ஹூஸ்டன் பக்கம் பேர்லேண்டில் காய்கறிக் கடைக்குப் போயிருந்தேன். கொத்தமல்லிக் கட்டை எடுக்கக் கை நீட்டினால் பக்கத்தில் சோம்புத் தழை மாதிரி டில் தழை. அந்த வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. தயிர்சாதத்தில் டில் தழையை நறுக்கிப் போட்டுச் சாப்பிட்ட ஒரே தமிழர் நீங்களாகத்தான் இருக்க வேண்டும். கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை எல்லாம் போட்டு நான் தாளித்து வைத்ததன் தலையில் அந்த ஊர்த் தழை. "போட்டுத்தான் பாரேன், நல்லா இருக்கும்" என்பீர்கள். கடைசிவரை நான் போட்டுப் பார்க்கவில்லை.

அந்த ஊரின் பெயரை இந்த மடலில்கூட எழுதப் போவதில்லை. உங்கள் வாயால் கேட்டது போதும். உக்ரைனின் கிழக்கே, நிலக்கரிச் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த ஒரு சின்ன ஊர். மருத்துவம் படிக்கப் போன இடத்தில் ஹாஸ்டல் சரிப்படாமல், பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருந்த அந்த ஊரில், ஒரு சுரங்கத் தொழிலாளி வீட்டில் அறை எடுத்துத் தங்கினீர்கள். படிப்பு முடிகிறவரை அங்கேதான். பிறகு ஊர் திரும்பி என்னைக் கட்டிக்கொண்டீர்கள், ஹூஸ்டனுக்கு வந்து டாக்டரானீர்கள். ஆனாலும் பாதி ஆள்தான் வந்து சேர்ந்தார் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். சக்களத்தி என்றால் பெண்ணாகத்தான் இருக்க வேண்டுமா என்ன?

மதுரையில் எங்கள் வீட்டுக்கு இத்தனை வருஷம் மாப்பிள்ளையாக வந்தீர்கள். பஸ்ஸை விட்டு இறங்கினால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் என்னைத்தான் கேட்பீர்கள். அந்த ஊரில் மட்டும் எந்தத் தெருவில் எந்த வீட்டுக் கதவு இழுத்துச் சாத்தினால்தான் மூடும் என்பதுகூட உங்களுக்குத் தெரியும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் மேஜையிலேயே ஊரைக் கட்டுவீர்கள். உப்பு டப்பா சுரங்க வாசல். ஊறுகாய் பாட்டில் பம்ப் ஹவுஸ். ரசக் கரண்டி கடைத்தெரு. நம் மகள் தீபா கன்னத்தில் கை வைத்துக் கேட்பாள். நான் சிங்க் பக்கம் திரும்பி நின்று பாத்திரம் தேய்ப்பேன். முடித்துவிட்டு வந்து உங்கள் சுரங்க வாசலை எடுத்து அலமாரியில் வைப்பேன்.

அந்த ஊருக்குள் ரஷ்யப் பட்டாளம் புகுந்த பிறகு நிலைமை இன்னும் மோசமாகியது. என் நிலைமையைத்தான் சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த ஊரோடு சண்டையாவது போட முடிந்தது. குண்டு விழுகிற ஊரோடு எப்படிச் சண்டை போடுவது?

சனிக்கிழமை காலையில் போனை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போய்விடுவீர்கள். அந்தப் பக்கம் வேரா, நீங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரரின் மகள். நான் முகம் சுளித்ததும், நீங்கள் அங்கே இருந்தபோது அவள் ரெட்டைப் பின்னல் போட்ட குழந்தை என்றீர்கள். ரெட்டைப் பின்னல் அப்படியே நின்றுவிடுமா என்று கேட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. ஆனால் கராஜில் சிரித்தீர்கள். ரஷ்ய மொழியில், வயிற்றிலிருந்து வருகிற ஒரு சிரிப்பு. தமிழில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது.

பேசி முடித்து வந்து எங்களிடம் சேதி சொல்வீர்கள். நகராட்சிக் கட்டிடத்தில் பட்டாளக்காரர்கள் குடியேறிவிட்டார்கள். தெருக்களின் பெயரை மாற்றிவிட்டார்கள். கடிகாரத்தைக்கூட அவர்கள் நாட்டு நேரத்துக்கு மாற்றி வைக்கச் சொல்கிறார்கள். வேரா வீட்டுக்குள் மட்டும் பழைய நேரம் ஓடுகிறது. மின்சாரம் போனால் பம்ப் நிற்கும், பம்ப் நின்றால் சுரங்கம் நீரில் மூழ்கும், அதனால் யார் ஆட்சி என்று பார்க்காமல் ஆட்கள் வேலைக்குப் போகிறார்கள். பிறகு ஒருநாள் பம்பும் நின்றது. அன்று நீங்கள் சாப்பிடவில்லை. என் அப்பா இறந்த அன்றுகூடச் சாப்பிட்டவர் நீங்கள்.

வேரா ஒருவழியாகப் போலந்துக்குத் தப்பி வந்தாள். சிதறிப்போன ஊர்க்காரர்கள் சேர்ந்து ஊரின் வரலாற்றை எழுதத் தொடங்கினார்கள். யாரிடமும் படம் இல்லை. சோதனைச் சாவடியில் போனைப் பிடுங்கிப் பார்க்கிறார்கள் என்று வழியிலேயே எல்லாவற்றையும் அழித்திருந்தார்கள். வயசானவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பழைய ஊரைத் தெருத் தெருவாக ஞாபகம் வைத்திருந்தது டெக்சாஸில் இருந்த ஒரு தமிழ் டாக்டர்தான். எது கேட்டாலும் சொன்னீர்கள். பாதி வரலாறு எழுதி முடிப்பதற்குள் போயும்விட்டீர்கள்.

காரியமெல்லாம் முடிந்து சில வாரம் கழித்து வேராவிடமிருந்து வீடியோ கால். நான் எடுக்க மாட்டேன் என்றேன். தீபாதான் எடுத்தாள். வேரா பேசப் பேச, அவளுடைய அண்ணன் மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் சொன்னாள். வேரா ரொம்ப நேரம் அழுதாள். பிறகு அவள் என் சமையலறையைக் காட்டச் சொன்னாள். அடுப்பைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். குண்டுக்குப் பயந்து அவர்கள் நிலவறையில் ஒளிந்திருந்த நாட்களில் நீங்கள் போனில் என் கதைதான் சொல்வீர்களாம். நான் தாளிக்கும்போது கரண்டியால் வாணலியைத் தட்டுவது, டில் தழையைக் குப்பையில் போட்டுவிட்டுக் கடையில் கிடைக்கவில்லை என்பது, உங்களைத் திட்டுவது. நிலவறையே சிரிக்குமாம்.

ஆக, அந்தச் சிரிப்பு என்னைப் பற்றியது. ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். எனக்கு இன்னும் எரிந்தது. என்னைப் பற்றி இவ்வளவு ஆசையாகப் பேசத் தெரிந்தவர், ஒரு வார்த்தை என்னிடம் சொன்னால் என்ன?

வேரா தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். சுரங்க வாசலுக்கு எதிரே ரொட்டிக் கடை இருந்தது எல்லோருக்கும் தெரியும், அதை ஒட்டி என்ன இருந்தது என்று டாக்டர் எப்போதாவது சொல்லியிருக்கிறாரா?

தீபா, தனக்கு ஞாபகம் இல்லை என்றாள். என்னைப் பார்த்தாள். "அம்மா, ஷி இஸ் ஆஸ்கிங் யூ."

"செருப்புத் தைக்கிறவர் கடை. படி இறங்கிப் போகணும். அதை ஒட்டித் தண்ணிக் குழாய்" என்றேன். வாயை மூடிய பிறகுதான் நான் சொன்னேன் என்பதே உறைத்தது.

சிங்க் பக்கம் திரும்பி நின்றவளுக்கு ஒரு சொல் தவறவில்லை, என்னங்க. பிடிக்காதவளைப் பற்றி யார் பேசினாலும் காது தானாக அந்தப் பக்கம் போகும் அல்லவா. இப்போது சனிக்கிழமைகளில் நான்தான் பேசுகிறேன். தீபா பக்கத்தில் உட்கார்ந்து ஆங்கிலமாக்குகிறாள். பஸ் எங்கே நிற்கும், சுரங்கத்துச் சங்கு ஊதினால் எந்தத் தெருவில் முதலில் ஆள் நடமாட்டம் தெரியும் என்று கேட்கிறார்கள், சொல்கிறேன். அவர்கள் எழுதிக்கொள்கிறார்கள்.

போன வாரம் வேரா, எங்கள் ஊரைப் பற்றி அவர் சொன்னது வேறு ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கேட்டாள்.

இருக்கிறது. கல்யாணமான புதிதில், கால்வெஸ்டன் கடற்கரைக்குக் கார் ஓட்டிப் போகும்போது நீங்கள் சொன்னது. அந்த ஊருக்குப் போன முதல் பனிக்காலத்தில், சுரங்கக் கழிவைக் கொட்டிக் கொட்டி வளர்ந்த குன்றின் மேல் தனியாக ஏறி, அங்கே யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில், "அம்மா, பசிக்குது" என்று தொண்டை கிழியக் கத்தினீர்களாம். சொல்லிவிட்டு, இதை யாரிடமும் சொன்னதில்லை என்றீர்கள்.

அந்தக் குன்றின் உயரம், அது எந்தப் பக்கம், எல்லாமே வரலாற்றில் ஏறிவிட்டது. நான்தான் சொன்னேன். நீங்கள் கத்தியதை மட்டும் சொல்லவில்லை.

"வேற ஒண்ணும் இல்லன்னு சொல்லு" என்றேன் தீபாவிடம்.