மேசைக்கடியில் சாம்பிராணி

கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் சாம்பிராணி வாசம் குப்பென்று வந்தது. கம்ப்யூட்டருக்குள்ளிருந்து எங்கேயாவது சாம்பிராணி வாசம் வருமா? பாலக்கரையில் நம் கடை ஒன்றில்தான் வரும்.

நீ போன இரண்டாம் மாதம் நம் பெரிய கம்ப்யூட்டர் தானாக அணையத் தொடங்கியது. போட்ட இருபது நிமிடத்தில் பொட்டென்று போய்விடும். கல்யாணப் பத்திரிகை பாதியில் நிற்கும். வந்தவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். டைப் அடிப்பதும் ஆட்களிடம் பேசுவதும் நான், திருகாணி கழற்றுவதெல்லாம் நீ என்றுதானே பிரித்துக்கொண்டோம்? “அவங்களே இல்லைன்னு ஆன பிறகு எதுக்கு இந்தக் கடை? குடுத்துடலாமே” என்று என் வீட்டுக்காரர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். இதை என்னால் சரிசெய்ய முடியாவிட்டால் கடையை மூடிவிடுவது என்று நானும் முடிவு செய்திருந்தேன்.

முதலில் ப்ளக்கை வேறு சுவிட்சில் மாற்றிப் பார்த்தேன். பிறகு புது பவர் சப்ளை ஒன்றை வாங்கி ஆள்வைத்து மாட்டினேன். அப்போதும் அணைந்தது. நீ இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாய். தில்லை நகரில் ஒரு கிளினிக்குக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் போனோமே, அங்கேயும் இதே கதைதான். நான் “பவர் சப்ளைதான் போயிருக்கும்” என்று பையைத் திறக்க, நீ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாய். “இருடீ. எப்போ அணையறதுன்னு பார்க்காம எதைப் பிடுங்கப் போறே?” மூன்று தடவை அணையவிட்டு நேரத்தை எழுதினாய். அந்த டாக்டர் உன்னை முறைத்துக்கொண்டே இருந்தார்.

அதனால் நானும் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தேன். முதல் தடவை இருபது நிமிடம். ஆறவிடாமல் உடனே போட்டால் ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. சூடுதான் காரணம் என்று எனக்கே புரிந்துவிட்டது. அதன் பிறகுதான் திருகாணியில் கைவைத்தேன்.

ஃபேன் முழுக்கத் தூசியும் புகைப்பிசினும் சேர்ந்து அப்பியிருந்தன. கழற்றிய தகட்டின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. உன் கையெழுத்து. ‘சனி, ஃபேன் சுத்தம்.’ அதன் கீழே நெருக்கி நெருக்கிக் குறிகள், நான்கு வருடத்துக்கு. கடைசிக் குறி நீ ஆஸ்பத்திரியில் சேர்ந்த வாரத்தினுடையது. சனிக்கிழமை மட்டும் ஸ்ரீரங்கத்திலிருந்து எனக்கு முன்னால் வந்து ஏன் கடையைத் திறக்கிறாய் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

இவர் துபாயில் உடம்பு முடியாமல் கிடந்தபோது வெள்ளிதோறும் தொழுதுவிட்டுச் சாம்பிராணி போட ஆரம்பித்தேன். வாசலில் வைத்தால் காற்றில் கனல் பறக்கும் என்று சட்டியை மேசைக்கடியில், கேபினெட்டுக்குப் பக்கத்திலேயே வைப்பேன். இவர் நல்லபடியாக வந்து சேர்ந்த பிறகும் நிறுத்தவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை நீ மெதுவாகக் கேட்டாய்: “அந்தச் சட்டியைச் சித்தத் தள்ளி வெச்சுக்கோயேன்.”

“எங்க வாசம் உனக்குப் பிடிக்கலைன்னா நேரா சொல்லிடு” என்று சுள்ளென்று விழுந்தேன்.

“ஐயோ, அதில்லைடீ” என்று நீ ஆரம்பித்தாய். நான் எழுந்து ஜெராக்ஸ் எடுக்கப் போய்விட்டேன். எத்தனை பழகினாலும் ஸ்ரீரங்கத்துக்காரி அப்படித்தான் இருப்பாள் என்று அன்றைக்கு மனதில் நினைத்ததை இத்தனை வருடமும் வைத்துக்கொண்டிருந்தேன். உன்னோடு ஒரே டப்பாவில் சாப்பிட்டுக்கொண்டே வைத்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

பிரஷ்ஷால் பிசினைச் சுரண்டி, ஃபேனைத் துடைத்து மாட்டினேன். சாயங்காலம் வரை அணையவில்லை. கடையைக் கொடுப்பதாக இல்லை என்று இவரிடம் சொல்லிவிட்டேன். சட்டி இப்போது பின்பக்க ஜன்னலோரம் இருக்கிறது.

கம்ப்யூட்டர் கெட்டுப்போகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, உடனே தள்ளி வைத்திருப்பேனே என்று இரண்டு நாளாக உன்மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். பொய். வைத்திருக்க மாட்டேன். அன்றைக்கு இருந்த நான் சண்டை போட்டு, கடையை இரண்டாகப் பிரித்துக்கொண்டு போயிருப்பேன். அது உனக்குத் தெரிந்திருக்கிறது.