வாயில் விழுந்த பனி

பாசமுள்ள அம்மாவுக்கு, செலோம் வணங்கி எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா?

போன வாரம் ஸ்வீடனில் முதல் கோல் போட்டேன். நம் ஊர் கெட்டாவில் கோல் போட்டதும் மைதான மூலையில் நீ நெத்திலி பொரிக்கும் இடத்துக்கு ஓடிவந்து வாயைத் திறப்பேனே, அதே நினைப்பில் இங்கும் மூலைக்கு ஓடி, கண்ணை மூடி வாயைத் திறந்து நின்றுவிட்டேன். பனிதான் விழுந்தது. உப்பே இல்லை.

"என்னடா, பனியைத் திங்கவா ஓடியாந்த?" என்று கேப்டன் சிரித்தார்.

"அம்மா இன்னும் பொரிச்சு முடிக்கலண்ணே."

யாராவது இந்தப் பக்கம் வந்தால் நெத்திலி கொடுத்தனுப்பு. நிறையவே அனுப்பு. நேற்று வேறொருவன் கோல் போட்டான். அணி மொத்தமும் மூலைக்கு ஓடி வாயைத் திறந்து நின்றது.

பயிற்சிக்குக் கூட்டிப்போக வேன் வந்துவிட்டது.

உன் செலோம்