மேக எலியின் விலாசம்

மார்ச் 4, 2025. செவன் கிங்ஸ், லண்டன்
என் மேக எலிக் கட்டுரை காலையில் இணையத்தில் ஏறியது. இங்கே வால்தம்ஸ்டோவில் வளர்ந்த ஜெயகௌரி, பிலிப்பைன்சின் லூசோன் தீவில் இவற்றை ஆராய்கிறாள். மரப்பொந்தில் வாழ்பவை. பூனையளவு, அடர்ந்த வால். ஆண்டுக்கு ஒரு குட்டிதான்.
மனைவி யோகமலர் வாசித்துவிட்டுச் சொன்னாள்: “எலி வந்தால் கவுன்சிலுக்குப் போன் அடிக்கிற ஆள், எலிக்கு இவ்வளவு எழுதியிருக்கிறீங்கள்.”

மார்ச் 7
யாரோ ஆங்கிலத்தில் மாற்றிப் பரப்பியிருக்கிறார்கள். பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 11
ஜெயகௌரி தீவிலிருந்து அழைத்தாள். குரலை உயர்த்தவில்லை.
“அண்ணை, மரத்தை ஏன் எழுதினீங்கள்?”
நேற்று இரண்டு பேர் சாக்கோடு ஊருக்குள் வந்து அந்த மரத்தை விசாரித்தார்களாம். வளர்க்க விரும்புகிறவர்களுக்குப் பிடித்து விற்பவர்கள். அவர்கள் கைபேசியில் என் கட்டுரை, ஆங்கிலத்தில். ‘தேவாலயத்திலிருந்து நாற்பது நிமிட நடை, ஓடைக்கு மேற்கே, இடி விழுந்த மரம்.’ பொந்தில் தாயும் குட்டியும்.
வரியை எடுத்துவிடுகிறேன் என்றேன்.
“எடுத்தால் அவங்கள் மறந்திடுவாங்களோ?”

அதே நாள், மாலை
எடுத்துவிட்டேன். முப்பத்துமூன்று வருடத்தில் நான் எடுத்த முதல் வரி.
யாழ்ப்பாணத்தில் செய்தி எழுதிய காலத்தில், சனம் ஒளிந்திருந்த இடத்தை ஒருநாளும் எழுதியதில்லை. யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இப்ப மட்டும் ஏன்? எலிதானே எண்டு நினைச்சனோ?
ஓம். நினைச்சனான்.

மார்ச் 12
தகவல் இல்லை. பஸ் தரிப்பிடத்தில் போனைப் பார்த்தபடி நின்று இரண்டு பஸ்ஸை விட்டேன். வீட்டிலும் அதே வேலை. பார்த்துக்கொண்டிருந்தால் உலை கொதிக்காது என்றாள் யோகமலர்.

மார்ச் 15
மரத்தைத் தறித்துவிட்டார்கள். பொந்து வெறுமை. பிடிபட்டனவா, முன்பே ஓடிவிட்டனவா — ஜெயகௌரிக்கும் தெரியவில்லை.

மார்ச் 16
திருத்தம் வெளியிட்டேன். ‘இருப்பிடத்தை வெளியிட்டது செய்தியாளரின் பிழை.’ கீழே என் பெயர். எங்கள் ஆசிரியர், ‘உங்கள் பெயர் வேண்டாம்’ என்றார். வேண்டும் என்றேன்.

ஏப்ரல் 2
ஜெயகௌரியிடமிருந்து ஒன்றுமில்லை. கேட்கவும் ஏலாது.

ஜூன் 19
ஒரு படம் வந்தது. கிளையில் தொங்கும் தடித்த வால். பக்கத்தில் சின்ன வால் ஒன்று. அவைதானா என்று சொல்ல ஏலாதாம். “வேற மரம், அண்ணை.” அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.
‘எந்தப் பக்கம்’ என்று தட்டினேன். அழித்தேன். ‘சந்தோசம், பிள்ளை’ என்று அனுப்பினேன்.
படத்தை அச்செடுத்து, வழக்கம்போலப் பின்புறத்தில் திகதியும் எடுத்தவர் பெயரும் எழுதினேன்.
இடம்: —