முன் டயர் இடிக்கிறது

மகளே,

நீ எழுவதற்குள் டயர் கடைக்கு நடந்தே கிளம்பிவிட்டேன். சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. சூடுபண்ணிக்கொள்.

"பெரிய டயர் போட்டாத்தான்ப்பா சேத்துல பிடிக்கும். உங்களுக்கு எல்லாத்துக்கும் பயம்" என்றாய் ராத்திரி. இந்த வீட்டில் பயந்தவர் எவரும் இல்லை என்று கத்தினேன். விடிந்ததும் பிக்கப்பில் ஏறி, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துப் பார்த்தேன். நீ போட்ட புது முன் டயர் மட்கார்டில் இடித்து நின்றுவிட்டது. அதற்கு மேல் திரும்பவில்லை. நீ நேர் ரோட்டில் மட்டும் ஓட்டிப் பார்த்திருக்கிறாய். குவாரிக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவில் தடுப்புச் சுவர்கூடக் கிடையாது. அதை நினைத்ததும் வண்டியை அணைத்துச் சாவியை உருவிக்கொண்டேன்.

சேற்று டயர்தான் வேண்டும், ஆனால் ஓர் அளவு சிறியது. மாற்றித் தரும்படி கடைக்காரரிடம் நானே கேட்கிறேன். கேட்டுப் பழக்கமில்லை, இருந்தாலும் கேட்கிறேன். இன்று சரக்கு ஏற்றாதே. காண்ட்ராக்டர் போன் செய்தால் கிழவர் தடுத்துவிட்டார் என்று சொல். அந்தத் தலைகுனிவு எனக்கு இருக்கட்டும்.

பி.கு. வண்டிச் சாவி என் சட்டைப் பையில். மாற்றுச் சாவி உன் மேசையிலேயே இருக்கிறது. உன்னிடமிருந்து ஒளித்துவைக்க மனம் ஒப்பவில்லை. எடுக்காதே, அம்மா.

அப்பா