ஒன்பது மில்லிமீற்றர் குட்டை

அண்ணை,

வரிக் கடுதாசிகளைத் தேடி அலுமாரியில் இருந்த கோப்பு ஒன்றைக் கொட்டியபோது அந்தத் தாள் வந்து விழுந்தது. சின்னப் பிஸ்டல் ஒன்றுக்கு எந்த அளவுக் குண்டு பொருத்தம் என்று உங்களுக்காக நான் கணினியில் போட்டுத் தந்த அட்டவணை. நாலு குண்டுகள், பதினொரு பத்திகள். குழலின் நீளம், குண்டின் வேகம், உதைப்பு, நிறை. மூலையில் உங்கள் தேத்தண்ணிக் கோப்பையின் வட்டம். ஓரத்தில் உங்கள் கையெழுத்து: "இதுக்கு இவ்வளவு கணக்கோ, தம்பி?"

இன்றைக்கும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். கணக்கில் பிழையில்லை.

நீங்கள் பையில் நகை கொண்டுபோய் வீடு வீடாகக் காட்டி விற்றவர். எங்கடின் என்ற சுவிஸ் மலைப்பக்கத்து ஹோட்டல்களில் வேலை செய்கிற பெடியளுக்குக் கலியாணம் என்றால் தாலிக்கொடி உங்கள் பையில்தான் மலை ஏறும். நான் ஓஸ்டர்முண்டிகனில் உங்களுக்கு மேல்மாடிக்காரன். இயந்திரம் படித்தவன், இந்த நாட்டு இராணுவத்தில் ஆயுதம் திருத்துகிற பிரிவில் சேவை செய்தவன். "துவக்கைத் தொட்டும் நல்ல பெடியனா இருக்கிற ஒரே ஆள்" என்று என்னை ஆட்களுக்கு அறிமுகப்படுத்துவீர்கள்.

முதல் முறை ஸ்டேசனுக்குப் பின்னால் இரண்டு பேர் கத்தியைக் காட்டியபோது பையைக் கொடுத்துவிட்டு வந்தீர்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. எங்கள் சனத்துக்கு அதுதான் பிழையாகப் பட்டது. கொஞ்ச நாள் கழித்து பூம்ப்ளிஸில் ஒரு பிறந்தநாள் விழா. பின்மேசையில் இருந்தவர் நமக்குக் கேட்கவேண்டும் என்றே சொன்னார்:

"வெட்டவும் இல்லை, குத்தவும் இல்லை. நல்ல கள்ளன். ஆளின்ரை சொந்தக்காரனோ தெரியாது."

மேசை சிரித்தது. நீங்கள் ரோல்ஸைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தீர்கள். அன்று உங்கள் வீட்டுக்கு வந்ததும் அக்கா, உங்கள் மனைவி, நான் நிற்கிறேன் என்றும் பாராமல், "இன்னொருக்கா வெறுங்கையோட வந்து நிண்டியளெண்டால் நான் ஒருத்தற்றை முகத்திலயும் முழிக்கமாட்டன்" என்றார். நீங்கள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே "ஓம், ஓம்" என்றீர்கள்.

இலங்கைப் பாஸ்போட் வைத்திருக்கிறவனுக்கு இந்த நாட்டில் துவக்கு வாங்க முடியாது. சட்டம் நாட்டின் பெயர் சொல்லியே மறிக்கிறது. ஆகவே காத்திருந்தீர்கள். சிவப்புப் பாஸ்போட் கைக்கு வந்த கிழமை மற்றவர்கள் லண்டனுக்கு ரிக்கற் போடுவார்கள். நீங்கள் படியேறி என்னிடம் வந்தீர்கள்.

"தம்பி, இனி நான் சுவிஸ்காரன். ஜக்கெற்றுக்குள்ள வைக்கிற மாதிரி ஒண்டு வேணும். எந்தக் குண்டு எண்டு நீர்தான் சொல்லோணும்."

துவக்கை வெளியே காவித் திரியும் அனுமதி இங்கே இலேசில் கிடைக்காது. களவு போனதற்குப் பொலிஸ் அறிக்கை இருந்ததால் உங்களுக்குக் கதவு திறந்தது. அதற்கும் ஒரு பரீட்சை. என் மேசையில் இருந்து ஜேர்மன் கேள்விகளைப் பாடமாக்கியபடி சொன்னீர்கள்: "நாட்டில துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனான். இஞ்ச வந்து துவக்குக்குச் சோதினை எழுதுறன்." இருவரும் சிரித்தோம்.

நீங்கள் கேட்டது பெரியது. "ஒண்டு போட்டால் ஆள் விழவேணும்."

"உள்ளங்கை அளவு பிஸ்டலில பெரிய குண்டைப் போட்டால் முதல் வெடி ஆளுக்கு, ரெண்டாவது முகட்டுக்கு" என்றேன்.

நம்பவில்லை. சுடுதளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இராணுவம் பாவிக்கிற அதே ஒன்பது மில்லிமீற்றர். ஊர்ப் போரில் வெடித்த செல்லின் துண்டு கிடக்கிற உங்கள் வலது மணிக்கட்டு பத்து வெடியில் வீங்கியது. அடுத்தது ஒன்பது மில்லிமீற்றர் குட்டை. விட்டம் அதேதான், நீளமும் வலுவும் குறைவு. நீங்கள் சுட்ட ஐந்தும் இலக்கில் ஒரு உள்ளங்கை அளவுக்குள் விழுந்தன. ஆனாலும் நீங்கள் மனம் ஆறாமல் நாலு கிழமை இழுத்தீர்கள். எனக்குப் பொறுமை இல்லை. அட்டவணையைப் போட்டதே உங்கள் வாயை அடைக்கத்தான்.

அந்த நாட்களில்தான் ஒரு சனிக்கிழமை உங்களோடு எங்கடினுக்கு வந்தேன். சிவப்பு ரயில் சுரங்கத்தை விட்டு வெளியே வந்தது. பை உங்கள் மடியில். வெளியே பனி, நீங்கள் அதைப் பார்க்கவில்லை.

"தம்பி, ஒருக்கா குடுத்தால் களவு குடுத்தவன். ரெண்டாந்தரமும் குடுத்தால் அவன்தான் கள்ளன்" என்றீர்கள்.

அதற்கு நான் என்ன சொன்னேன்? "கையைக் காட்டுங்கோ அண்ணை" என்றேன். மணிக்கட்டில் வீக்கம் வற்றிவிட்டதா என்று பார்க்க. குட்டைதான் சரி, இனி இதைப் பற்றிக் கதைக்க வேண்டாம் என்றேன். நீங்கள் சட்டைக் கையை இறக்கிவிட்டு, "சரி, நீர் சொன்னால் சரி" என்றீர்கள். ஒரு மனிதன் தன் மானத்தைப் பற்றிக் கதைத்திருக்கிறான். நான் அவனுடைய எலும்பைச் சோதித்தேன்.

நடந்தது நம் கட்டடத்தின் கராஜில், பின்னேரம் நாலு மணிக்கு. விசாரிக்க வந்த பொலிஸ்காரி கமெராவில் பதிந்திருந்ததை எனக்குச் சொன்னார். இரண்டு பேர். ஒருவன் கையில் கத்தி. நீங்கள் பையை நிலத்தில் வைத்துவிட்டுப் பின்னால் போயிருக்கிறீர்கள். அவன் பையை எடுத்தான். இருவரும் திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆறேழு அடி. அதற்குப் பிறகுதான் உங்கள் கை ஜக்கெற்றுக்குள் போயிருக்கிறது. ஒரு வெடி. பையோடு போனவன் தொடையில் பட்டு விழுந்தான். என் அட்டவணை சொன்னபடியே எல்லாம் நடந்தது. மற்றவனிடமும் துவக்கு இருந்தது.

"பையைக் கொடுத்துவிட்டாரே, பிறகு ஏன்?" என்று பொலிஸ்காரி கேட்டார்.

தெரியாது என்றேன். தெரியும். அந்த ஆறேழு அடிக்குள் உங்களுக்குப் பின்மேசைச் சிரிப்புக் கேட்டிருக்கும். அக்காவின் குரலும் கேட்டிருக்கும்.

முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடிந்து சாப்பிட்ட ஆட்கள் போனபின் அக்கா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார். பொலிஸ் சொன்னது அவருக்கு அரைகுறையாகத்தான் விளங்கியிருந்தது. இரண்டு பக்கமும் சுட்டார்கள், இவர் விழுந்தார், அவ்வளவுதான்.

"தம்பி, நான் அண்டைக்கு இவருக்கு ஒரு சொல்லுச் சொன்னனான். உமக்கு நினைவிருக்கோ?"

அக்கா கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவினார்.

"பெரிசுதான் வேணுமெண்டு இவர் கேட்டவராம். நீர்தான் சின்னனை எடுக்கச் சொன்னனீராம். பெரிசு எண்டால் இவர் இருந்திருப்பாரோ?"

இல்லை அக்கா, பெரியதாய் இருந்தாலும் இதுதான். பீரங்கி வைத்திருந்தாலும் இதுதான். துவக்கை எடுக்காமல் நின்றிருந்தால் மட்டும் இருந்திருப்பார். இதுதான் சரியான விடை. என் வாயில் தயாராகவும் இருந்தது. சரியான விடையைச் சொல்லாமல் விட்டுப் பழக்கமில்லாதவன் நான், உங்களுக்குத் தெரியும்.

"ஓம் அக்கா" என்றேன். "பெரிசு எடுத்திருக்கவேணும். நான்தான் பிழை விட்டனான்."

அக்கா குழாயை மூடினார். பிறகு, "போம் தம்பி" என்றார். "இனி இஞ்ச வரவேண்டாம்."

இப்போது கோயிலில் ஆட்கள் எனக்கு முதுகைத் திருப்புகிறார்கள், அவனுடைய கதையைக் கேட்டுத்தான் மனிசன் செத்தது என்று. உங்களைக் கள்ளன் என்ற அதே வாய்கள். அவர்களைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் தொடையில் பட்டவன் பிடிபட்டிருக்கிறான், வழக்கு வரும். மொழிபெயர்ப்பாளர் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து, பையை வைத்ததையும் அவர்கள் திரும்பி நடந்ததையும் நல்ல தமிழில் சொல்லுவார். அன்றைக்கு அக்கா தன்னுடைய அந்த ஒரு சொல்லோடு தனியாக இருப்பார். அதை என்னால் நிறுத்த முடியாது.

அதுவரைக்கும் என்னை வெறுக்கட்டும். வெறுக்க ஒரு ஆள் இருந்தால் எழும்பி நடக்க முடிகிறது போல. விடிய ஆறரை பஸ்ஸுக்கு ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறார், போகும்போது நிமிர்ந்து என் யன்னலை ஒரு பார்வை பார்க்கிறார். நான் திரையை இழுக்காமல் நிற்கிறேன். அவர் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் நான் வேலைக்கு வெளிக்கிடுகிறேன், அண்ணை.